எல்லா லென்ஸிலும் வளையம்

தாராவியில் ஸ்டூடியோ வைத்திருந்த ஒருவர் தன் வலது கண் பார்வையை எங்கள் நடுவில் உட்கார்ந்தபடியே இழந்தார். அது ஒரு நாளில் நடந்துவிடவில்லை. ஏறக்குறைய ஒரு வருடம் ஆயிற்று. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை நேரத்தில், காமிராவையும் லென்ஸையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பதையே தொழிலாகவோ பைத்தியமாகவோ கொண்டவர்கள் சுற்றி இருக்கும்போது நடந்தது. எங்களில் ஒருவரும் கவனிக்கவில்லை. இன்னொரு கண்ணாவது மிஞ்சுமா என்ற கேள்வி வந்த பிறகுதான் நான் அவர் வீட்டுக்குப் போக ஆரம்பித்தேன்.

அறுபதுகளில் பம்பாயில் நல்ல காமிரா புதிதாக வாங்குவது எளிதல்ல. இறக்குமதிக்குக் கட்டுப்பாடு. கடைக்குப் போனால் பெட்டிக் காமிராவைக் காட்டுவார்கள். ஜெர்மன் சரக்கோ ஜப்பான் சரக்கோ வேண்டுமானால் கப்பலில் வேலை பார்க்கும் ஆளைப் பிடிக்க வேண்டும், அல்லது ஏற்கெனவே வைத்திருப்பவர் விற்கும்வரை காத்திருக்க வேண்டும். அப்படிக் காத்திருந்தவர்கள் கூடுமிடம்தான் மாட்டுங்காவில் எங்கள் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. ஒரு சங்கக் கட்டடத்தின் மாடி. வாரநாட்களில் அங்கே பெண் குழந்தைகள் பாட்டுக் கற்றுக்கொள்வார்கள். ஞாயிறன்று அதே ஜமக்காளத்தில் காமிராக்கள், ஃபிளாஷ் கன்கள், லென்ஸ்கள், பிய்ந்த தோல் உறைகள். செம்பூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்த என்ஜினீயர் அதை நடத்தினார். கூடத்தின் சாவி அவரிடம் இருந்தது, அதனால் தலைமையும் அவருடையதாயிற்று.

நான் கோட்டைப் பகுதியில் ஒரு பத்திரிகையில் நிருபர். அலுவலகப் படக்காரர்கள் மந்திரிகளுக்கும் கிரிக்கெட்டுக்கும் போய்விடுவார்கள். இடிந்த கட்டடத்துக்கும் தண்ணீர்க் குழாய்ச் சண்டைக்கும் போகிற நிருபர் தானே படம் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தத் தேவைதான் என்னை அந்த மாடிக்குக் கொண்டுபோனது.

சந்தையில் எழுதாத விதி ஒன்று இருந்தது. விற்க வந்தவர் பொருளை ஜமக்காளத்தில் வைத்தவுடன், விலை பேசுவதற்கு முன்பே, அதன் குறையைத் தானே சொல்லிவிட வேண்டும். ஷட்டர் மெதுவாக விழுகிறது, பெல்லோஸ் மடிப்பில் ஊசித் துளை இருக்கிறது, லென்ஸில் கீறல். சொன்ன குறைக்காகப் பிறகு யாரும் சண்டை போடக் கூடாது. மறைத்தவர் அடுத்த மாதம் மாடி ஏற முடியாது. இந்த விதிக்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஒருவர் குறை என்று சொன்னதை வாங்குகிறவரோ சுற்றியிருப்பவரோ மறுத்துப் பேசமாட்டார். அடுத்தவன் சரக்கை நல்லது என்று சொல்பவன் விலையை ஏற்றிவிடுகிறான் என்று அர்த்தம். இந்த நேர்மையில் எங்களுக்குக் கொஞ்சம் கர்வமே இருந்தது. இல்லாத குறையை ஒருவர் சொல்லக்கூடும் என்பதை நாங்கள் யோசித்திருக்கவில்லை.

ஸ்டூடியோக்காரர் திருநெல்வேலிக்குத் தெற்கே உள்ள ஊர்க்காரர். நாற்பதைத் தாண்டியவர். நறுக்கிய மீசை, எப்போதும் பொத்தான் போட்ட முழுக்கைச் சட்டை, விரல் நகங்களில் டெவலப்பர் மருந்து ஏற்றிய பழுப்பு. தாராவி பெரிய சாலையில், ஒரு தோல் கிடங்குக்குப் பக்கத்தில் அவர் கடை. பாஸ்போர்ட் படம், குடும்பப் படம், ஊருக்கு அனுப்பும் மாப்பிள்ளைப் படம். மரக் காமிரா ஒன்று வைத்திருந்தார். அதற்கு லென்ஸை மாற்றி மாற்றிப் போடலாம். அதனால் அவர் லென்ஸ் வாங்கவும் விற்கவும் வருவதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை.

ஒரு மாதம் அவர் தன் பழைய பித்தளைக் குழல் லென்ஸை ஜமக்காளத்தில் வைத்தார்.

"பூசணம் புடிச்சிருக்கு. விளக்கைப் பாத்தா சுத்தி வளையம் தெரியுது, வானவில்லு மாதிரி. இதான் குறை. சொல்லிட்டேன்."

பம்பாய் மழையைத் தெரிந்தவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஜூன் பிறந்தால் செருப்பில் பூஞ்சை, புத்தகத்தில் பூஞ்சை, லென்ஸுக்குள் சிலந்தி வலைபோலப் பூஞ்சை. கண்ணாடி மங்கினால் காரணம் கேட்பதே இல்லை.

அவர் எதிரில் எப்போதும் உட்காருவது ஒரு பழைய சாமான் வியாபாரி. கடற்கரைப் பக்கத்துத் தமிழ் முஸ்லிம். எங்களுக்கெல்லாம் அவர் பாய். சோர் பஜாரில் கடை. வாயில் வெற்றிலையும் கேலியும் ஓயாது.

"அண்ணாச்சி கடையில மனுசனைவிடப் பூசணத்துக்குத்தான் நெறையப் படம் எடுக்காக போல" என்று சொல்லிக்கொண்டே பாய் லென்ஸை எடுத்துப் பார்த்தார். கூடத்தில் தொங்கிய பல்புக்கு நேராகப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, மறு கண்ணைச் சுருக்கி, சாய்த்துப் பார்த்தார். பூசண விலைக்கு எடுத்துக்கொண்டார்.

அடுத்து, படத்தைப் பெரிதாக்கும் என்லார்ஜரின் லென்ஸ் வந்தது. அதற்கடுத்து, சந்தையில் ஒரு குமாஸ்தாவிடம் அவர் இரண்டு மாதம் முன்பு வாங்கியதே திரும்பி வந்தது. எல்லாவற்றிலும் வளையம். எல்லாவற்றையும் பாய் எடுத்துக்கொண்டார். அந்த லென்ஸ்களில் ஒன்றைப் பாயின் கடையில் நான் வாங்கினேன். கண்ணாடி பளிச்சென்று இருந்தது.

"எப்படி சுத்தம் பண்ணினீங்க?"

"அதெல்லாம் தொழில் ரகசியம் சார். பாட்டன் காலத்து மருந்து."

சந்தையில் இது பரவியது. பூசணம் எடுப்பதில் பாய்க்கு இணை இல்லை என்று என்ஜினீயரே சொன்னார். இரண்டொருவர் தங்கள் லென்ஸைச் சுத்தம் செய்யக் கொடுத்துப் பார்த்தார்கள். கைவேலை அதிகம் இருக்கிறது, தீபாவளி போகட்டும் என்று பாய் தட்டிக்கழித்தார்.

பாகிஸ்தானுடன் சண்டை நடந்த அந்தச் சில வாரங்களில் பம்பாயில் இருட்டடிப்பு. ஜன்னலுக்குக் கறுப்புக் காகிதம், தெருவிளக்குக்கு முக்காடு. அதையடுத்த சந்தையில் ஸ்டூடியோக்காரர் உற்சாகமாக இருந்தார். புதிதாக வாங்கிப் போட்ட லென்ஸ் பரவாயில்லை, வளையமே இல்லை என்றார். விளக்கு இல்லாததால் வளையம் இல்லை என்று எனக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை. தலைவலி மட்டும் விடுவதில்லை என்றார். படங்களை அச்சுப் போட்டுவிட்டு இருட்டறையை விட்டு வந்தால் வலது புருவத்துக்கு மேலே யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துகிற மாதிரி இருக்கிறதாம். ஹைப்போ மருந்தின் நெடி ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவு செய்து, மாஸ்க் மாதிரி ஒரு துணியைக் கட்டிக்கொண்டு வேலை பார்த்தார்.

விளக்குகள் திரும்ப வந்தன. வளையமும் வந்தது.

அடுத்த மழைக்காலத்தில், வெளியே கொட்டிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூடத்தில் பகலிலேயே பல்பைப் போட்டிருந்தோம். என்ஜினீயர் ஒரு புது லென்ஸ் கொண்டுவந்திருந்தார். கப்பல்காரர் ஒருவர் மூலம் வந்தது. பெட்டியின் மேல் ஒட்டிய தாளை எங்கள் முன்னால்தான் கிழித்தார். எல்லோரும் ஒருமுறை வாங்கிப் பார்த்தோம். கை மாறி ஸ்டூடியோக்காரரிடம் போயிற்று. பல்புக்கு நேராகப் பிடித்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இதுலயும் இருக்கு" என்றார்.

என்ஜினீயர் சிரித்துவிட்டார். "என்ன ஓய், சீல் உடைச்சு அஞ்சு நிமிஷம் ஆகல்லே. நன்னாப் பாரும்."

"கப்பல்ல வந்ததுல்லா. உப்புக் காத்து. உள்ள எறங்கியிருக்கும்."

வேறொருவர், "உமக்கு லென்ஸ் வாங்கறதுன்னா இனிமே ஜெர்மனிக்கே போய் ஃபாக்டரி வாசல்ல நின்னுக்கணும்" என்றார். சிரிப்பு எழுந்தது. பாய் மட்டும் சிரிக்கவில்லை. அது வழக்கமில்லாததால் நான் அவரைப் பார்த்தேன். அவர் எழுந்து வந்து ஸ்டூடியோக்காரர் கையிலிருந்து லென்ஸை மெதுவாக வாங்கிக்கொண்டார்.

"அண்ணாச்சி, இப்பம் வெறும் பல்பைப் பாருங்க."

அவர் பார்த்தார்.

"வளையம் இருக்கா?"

ஸ்டூடியோக்காரர் பல்பிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்: "பல்புல பூசணம் புடிக்குமா பாய்?"

யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார். பாய் தன் உள்ளங்கையால் அவருடைய இடது கண்ணைப் பொத்தினார். பல்பு எங்கே என்று கேட்டார். ஸ்டூடியோக்காரர் கையை நீட்டிக் காட்டினார், சரியாகத்தான் காட்டினார். பாய் தன் மறு கையை அவர் வலது காதுப் பக்கமிருந்து மெதுவாக முன்னே கொண்டுவந்தார். கை கன்னத்தைத் தாண்டியது, மூக்குக்கு நேராக வரப்போகிறது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. பாயின் விரல் மூக்கின் நுனிக்கு அருகே வந்த பிறகுதான் திடுக்கிட்டுத் தலையைப் பின்னால் இழுத்தார்.

அன்று வேறு வியாபாரம் நடக்கவில்லை. படியிறங்கும்போது பாய் என் பக்கத்தில் வந்தார். குடையை விரிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"எல்லாம் சுத்தமாத்தான் இருந்துச்சு சார். ஒண்ணு விடாம."

"உங்க மருந்து?"

"மருந்தாவது மண்ணாவது. மல் துணியால ஒரு தடவை துடைச்சேன். அம்புட்டுத்தான். அவுக குறைன்னு சொன்னாக. இல்லன்னு நான் எப்படிச் சொல்ல? சொன்னா, பாய் என்னமோ தந்திரம் பண்ணுதான்னு நீங்களே சொல்லுவீக. மனுசன் அவசரத்துல விக்கிறாரு, பணமுடை, அதைச் சொல்ல வெக்கப்பட்டுட்டுப் பூசணம்ங்காருன்னு நெனச்சேன்."

அவர் சொன்னது பொய்யில்லை என்றே நான் நினைக்கிறேன். அவருக்கு லாபம் கொண்டுவந்த நினைப்பு அது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் விதி ஒருவிதப் பொய்யைத் தடுப்பதற்காக உண்டானது. அதற்கு எதிர்ப்பக்கத்திலிருந்து வந்த தவற்றைத் தடுக்க எதுவும் இல்லை. வேறெந்தக் கடைத்தெருவிலும், "இதில் என்ன பூசணம், உமக்குக் கண்ணா தெரியவில்லை?" என்று முதல் மாதமே யாராவது கேட்டிருப்பார்கள்.

அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றில் கண் டாக்டரை எனக்குத் தெரியும். ஒரு செய்திக்காகப் பேசியிருக்கிறேன். ஸ்டூடியோக்காரரையும் அவர் மனைவியையும் அங்கே அழைத்துப் போனேன். அந்த அம்மாள் ஒடிசலானவர், பேச்சுக் குறைவு. அதுவரை கடைக்குள் கூட அதிகம் வந்ததில்லை என்று பிறகு தெரிந்தது. பின்கட்டில் சமையல், முன்கட்டில் ஸ்டூடியோ, நடுவில் ஒரு கறுப்புத் திரை.

டாக்டர் இந்தியில் சொன்னார். கண்ணுக்குள் நீர் தேங்கி அழுத்தம் ஏறுகிறது. அழுத்தம் நரம்பைக் கொன்றுகொண்டே வரும். ஓரப் பார்வை முதலில் போகும், நடுப் பார்வை கடைசியில், அதனால் நோயாளிக்குத் தெரிவதில்லை. வளையம் தெரிந்தது அதன் அடையாளம். வலது கண்ணில் போனது போனதுதான். இடது கண்ணிலும் தொடங்கியிருக்கிறது.

பிறகு என்ன தொழில் என்று கேட்டார். சொன்னோம். டாக்டர் பேனாவை மூடிவைத்தார்.

இருட்டில் கண்ணின் பாப்பா விரிகிறது. இந்த மாதிரிக் கண்ணில் பாப்பா விரிந்தால் நீர் வடியும் வழி அடைபட்டுப்போகிறது. சந்தேகமான நோயாளிகளை நாங்களே இருட்டறையில் உட்காரவைத்து அழுத்தம் ஏறுகிறதா என்று பார்ப்பதுண்டு என்றார். இவர் அந்தச் சோதனையைத் தினமும் மணிக்கணக்கில் தனக்கே செய்துகொண்டிருந்திருக்கிறார்.

வலது கண்ணில் கத்தி வைத்தார்கள். வலி போயிற்று, பார்வை வரவில்லை. இடது கண்ணிலும் செய்துவிடலாம் என்று டாக்டர் சொன்னபோது ஸ்டூடியோக்காரர் ஒப்புக்கொள்ளவில்லை. "அங்க வெட்டி என்ன வந்துது? இருக்கதையும் தொட விடமாட்டேன்." அப்படியானால் சொட்டு மருந்து, நேரம் தவறாமல், ஆயுள் முழுவதும், இருட்டறை கூடாது. அதுதான் ஏற்பாடு.

மருந்து பாப்பாவைக் குண்டூசித் தலை அளவுக்குச் சுருக்கிவிடும். பகலிலேயே மேகம் மூடியது மாதிரி இருக்கும் என்று அவர் சொன்னார். சிவப்பு பல்பின் கீழே ஒன்றுமே தெரியாது. டாக்டர் தடுத்திருக்காவிட்டாலும் அந்தக் கண்ணோடு அவரால் அச்சுப் போட முடியாது. ஆனால் கடை திறந்திருந்தது. படங்கள் சொன்ன தேதிக்குப் போய்க்கொண்டிருந்தன. மாகிம் பக்கம் ஒருவரிடம் அச்சுக்குக் கொடுக்கிறேன் என்றார். நம்பினேன். செய்தி விஷயமாகத் தாராவிக்குப் போகும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பேன். உட்காரச் சொல்லி டீ வரவழைப்பார். பாயும் இரண்டு முறை வந்திருந்தார். ஒருமுறை பழைய பித்தளைக் குழல் லென்ஸை எடுத்துவந்து மேஜையில் வைத்துவிட்டு, "கடையில எடத்தை அடைக்குது, இங்கன கெடக்கட்டும்" என்றாராம்.

சில மாதங்கள் கழித்து ஆஸ்பத்திரியில் அழுத்தம் பார்த்தபோது ஏறியிருந்தது. டாக்டர் மறுபடியும் அளந்தார். அதே எண்.

"மருந்து ஒழுங்காக விடுகிறீர்களா?"

"விடுதேன் சாப்."

"தினமும்?"

"தினமும்."

பின்னால் நின்றிருந்த மனைவி தமிழில், என்னைப் பார்த்துச் சொன்னார்: "இல்ல சார். அச்சுப் போடுற அன்னைக்கு விட மாட்டாக. மொத நாளே நிப்பாட்டிருவாக. விட்டா உள்ள கண்ணு தெரியாதுல்லா."

ஸ்டூடியோக்காரர் திரும்பவில்லை. "ஒன்னைக் கேட்டாகளா?" என்றார்.

நான் டாக்டருக்குச் சொன்னேன். மாகிம் ஆள் என்று ஒருவரே இல்லை. கல்யாண மாதங்களில் வாரத்தில் பாதி நாள் மருந்து இல்லாமல், துணியைக் கட்டிக்கொண்டு, சிவப்பு பல்பின் கீழே நின்றிருக்கிறார். டாக்டர் அவரைத் திட்டவில்லை. இடது கண்ணில் இந்த முறை எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதைக் காகிதத்தில் வட்டம் போட்டு, அதன் ஓரத்தைப் பென்சிலால் கறுப்பாக்கிக் காட்டினார். இப்படியே போனால் அடுத்த மழைக்குள் இதுவும் மூடிவிடும் என்றார்.

பஸ்ஸில் மூவரும் வந்தோம். நான் முன் இருக்கையில். பின்னால் அவர்கள் பேசியது கேட்டது.

"ஆர்டரை யாரு முடிப்பா? நீயா?"

"முடியாட்டா கெடக்கட்டும்."

"கெடந்தா சோறு?"

"கண்ணு போனா மட்டும் சோறு தானா வந்துருமாக்கும்." கொஞ்ச நேரம் கழித்து அந்த அம்மாளே, "சொல்லித் தாங்க. நான் போடுதேன்" என்றார்.

"இது தோசை இல்லட்டி."

"தோசையும் நீங்க சுட்டதில்ல."

இருட்டறைத் திரைக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு அவர் சொல்லிக் கொடுத்தார். உள்ளே போகவில்லை, அதை அந்த அம்மாள் அனுமதிக்கவில்லை. மருந்து விட்டு நீர் கோத்து நின்ற கண்ணை விரலால் துடைத்தபடி, "முகத்துல கறுப்பு ஏறிட்டா? மீசை தெரியுதா? இன்னுங் கொஞ்சம் கெடக்கட்டும், எடுக்காத" என்று திரையைப் பார்த்துப் பேசிக்கொண்டிருப்பார். சிவப்பு வெளிச்சத்தில் படம் உள்ளதைவிடக் கறுப்பாகத் தெரியும். புதிதாகச் செய்கிறவர்கள் பயந்து தாளை மருந்திலிருந்து சீக்கிரம் எடுத்துவிடுவார்கள். அந்த அம்மாளும் அப்படித்தான் எடுத்தார். முதல் கட்டுப் படங்கள் முழுவதும் வெளிறிப் போயிருந்தன. ஸ்டூடியோக்காரர் அவற்றை ஜன்னலுக்கு எடுத்துப் போய், கண்ணுக்கு மிக அருகில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கீழே போட்டார்.

வாங்க வந்த மாப்பிள்ளை வீட்டார் குறை சொல்லவில்லை. "எங்க வீட்டுல எல்லாரும் இம்புட்டுச் செவப்பா?" என்று ஒரு பெரியம்மா கேட்டார். இன்னும் இரண்டு பிரதி கேட்டார்கள். அதற்கும் ஸ்டூடியோக்காரர் முகம் மலரவில்லை. அவர் போட்டிருந்தால் அந்தப் படத்தை வெளியே விட்டிருக்கமாட்டார்.

படம் பிடிப்பதை அவரே தொடர்ந்தார். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, ஒரு கண்ணால், முகத்தை மெதுவாக இடமும் வலமும் திருப்பி, காமிராவின் பின்பக்கக் கண்ணாடியில் விழும் படத்தின் மூலைகளைத் தேடுவார். ஒரு குடும்பப் படத்தில் ஓரத்தில் நின்ற மைத்துனர் தோளோடு வெட்டுப்பட்டுப் போனார். அவர்கள் திரும்பி வந்து கத்தினார்கள். மறுபடி எடுத்துக் கொடுத்தார். அன்று நான் போனபோது டீ வரவழைக்கவில்லை. சந்தைக்கு வருவதை நிறுத்திவிட்டிருந்தார். ஏன் என்று நானும் கேட்கவில்லை, வாருங்கள் என்று என்ஜினீயரும் சொல்லி அனுப்பவில்லை.

ஆறேழு மாதம் கழித்துக் கடைசியாக அவர்களோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அதற்குப் பிறகு என்னை டில்லிக்கு மாற்றிவிட்டார்கள். அழுத்தம் இறங்கியிருந்தது. பழைய காகிதத்தையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த டாக்டர், வட்டம் மேலும் சுருங்கவில்லை என்றார். இன்னும் எத்தனை வருடம் படம் எடுக்கலாம் என்று ஸ்டூடியோக்காரர் கேட்டார். மருந்தை நிறுத்தாதீர்கள் என்று டாக்டர் பதில் சொன்னார். அவர் அதே கேள்வியை இன்னொரு முறை, இந்தி சரியாக அமையவில்லையோ என்பதுபோல வார்த்தைகளை மாற்றிக் கேட்டார். டாக்டர் அடுத்த நோயாளியை அழைத்தார்.

வெளியே வெயில் கடுமையாக இருந்தது. சாலையைக் கடக்க அவர் நடைபாதையிலிருந்து காலை எடுத்து வைத்தார். வலப்பக்கமிருந்து டாக்ஸி ஒன்று வந்துகொண்டிருந்தது. அதைப் பற்றிய எந்த அசைவும் அவர் முகத்தில் இல்லை. மனைவி முழங்கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். டாக்ஸிக்காரன் ஏதோ வைதுகொண்டே போனான்.

"பாத்தேன்" என்றார் அவர்.

அந்த அம்மாள் அவரைச் சுற்றி வந்து வலப்பக்கம் நின்றுகொண்டார்.